காற்றை நம்பியது போதும், வடம் பிடிப்போம்!



"ஐயா, எங்கள் வீட்டில் லைன் சரியில்லை."

2020ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை பெற்றோர்களிடமிருந்து நான் மிகுதியாகக் கேட்ட சொற்றொடர் இதுதான். பள்ளிகள் மூடப்பட்டு இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் நடந்த நாள்களில் நாள்தோறும் கேட்டேன். இப்போதும் வெள்ளம், புகைமூட்டம் என்று பள்ளி மூடப்படும்போதெல்லாம் கேட்கிறேன். மாலை நேர இணைய வகுப்புகளிலும் இதே பாட்டுத்தான். இதைச் சொல்லும் பெற்றோரில் பெரும்பாலோர் அடுத்துச் செய்வதும் ஒன்றே. இணையச் சேவை நிறுவனத்தை ஏசுகிறார்கள். பிறகு அதே நிறுவனத்திடம் இன்னும் விலை கூடிய திட்டத்தை வாங்குகிறார்கள்!

நான் வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒளியிழை இணைப்புப் பெற்ற வீடுகளில், பெரும்பாலும் லைன் சரியாகத்தான் இருக்கிறது. கெட்டுக் கிடப்பது வீட்டு வாசலில் உள்ள பெட்டிக்கும் பிள்ளையின் மேசைக்கும் இடைப்பட்ட பத்து மீட்டர் தூரம். அந்தப் பத்து மீட்டரைக் காற்றிடம் ஒப்படைத்துவிட்டு, மாதந்தோறும் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளியைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். இருபது முப்பது வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு வடத்தை இழுத்துப் பிள்ளையின் கணினியில் செருக நமக்கு மனம் வரவில்லை. இதைத்தான் இன்று கண்டித்து எழுத வந்தேன்.

மஸ்ஜித் இந்தியாவைப் பாருங்கள்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தை அறியாத தமிழர் நம் நாட்டில் குறைவு. தீபாவளிக்குப் புடவையும் திருமணத்திற்கு நகையும் வாங்க அங்குதான் போகிறோம். ஆனால், அந்தக் கடைகளுக்கு மேலேயும் அவற்றை ஒட்டிய பழைய அடுக்குமாடிகளிலும் மக்கள் வாழ்கிறார்கள், பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதைத் துணி வாங்கப் போகிறவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

2020 மார்ச் 31ஆம் நாள் அவ்வட்டாரத்தை ஒட்டிய மெனாரா சிட்டி ஒன் அடுக்குமாடியில் கடுமையாக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அங்கு ஏறத்தாழ 3,200 பேர் வாழ்வதாக அரசு அன்று அறிவித்தது. ஏப்ரல் 7ஆம் நாள் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் கட்டடங்களும் முள்வேலிக்குள் வந்தன. எவரும் வெளியே போகக்கூடாது; வேலை, படிப்பு, பொழுதுபோக்கு, உறவினரோடு பேச்சு என அனைத்தும் நான்கு சுவருக்குள்ளேயே. அப்படிப்பட்ட கட்டடங்களில் வீட்டுக்கொரு வைஃபைப் பெட்டி ஒரே நேரத்தில் அலறினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னர் அவ்வட்டாரத்தில் ஒரு மாணவியின் வீட்டுக்குச் சென்றேன். கடைக்கு மேல் மூன்றாம் மாடி. இணையத் திட்டத்தை இருமுறை உயர்த்தியும் வகுப்பில் குரல் அறுந்து அறுந்து வருகிறது என்பது தந்தையின் முறையீடு. கைப்பேசியைத் திறந்து பார்த்தால், அக்கம்பக்கத்து வைஃபைப் பெயர்கள் முப்பதுக்கும் மேல் வரிசை கட்டி நின்றன. ரூட்டர் இருந்தது முன்னறையில். பிள்ளை படித்தது இரண்டு செங்கற்சுவர்களுக்கு அப்பால் பின்னறையில். அந்த மடிக்கணினியிலிருந்து வீட்டு ரூட்டருக்கே 'பிங்' என்னும் சோதனையை ஓடவிட்டேன். இணையத்திற்கு அன்று, அதே வீட்டிலிருக்கும் ரூட்டருக்கு! பதில் வர ஒருமுறை 4 மில்லிவினாடி, அடுத்தமுறை 90, அதற்கடுத்து 300, பிறகு பதிலே இல்லை. 15 மீட்டர் வடம் ஒன்றைத் தரையோரமாக இழுத்துச் செருகினோம். பதில் ஒவ்வொரு முறையும் 1 மில்லிவினாடிக்குள் வந்து சேர்ந்தது. திட்டத்தை உயர்த்தக் கொடுத்த பணம் அத்தனையும் வீண் என்பது அந்தத் தந்தைக்கு அப்போதுதான் விளங்கியது.

வகுப்பறையில் நடப்பதுதான் காற்றிலும் நடக்கிறது

ஆசிரியர்களுக்கு இதை விளக்குவது எளிது. நாற்பது மாணவர் கொண்ட வகுப்பு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மற்றவர் பேசும்போது வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். இருவர் ஒருங்கே பேசிவிட்டால் இருவர் பேச்சும் கெட்டு, இருவரும் மீண்டும் சொல்ல வேண்டும். வைஃபை இயங்கும் முறை இதுவே. உங்கள் வீட்டுக் கருவிகள் மட்டுமல்ல, அதே தடத்தில் இயங்கும் அண்டை வீட்டுக் கருவிகளும் இந்த வரிசையில் நிற்கின்றன.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத தடங்கள் மூன்றே: 1, 6, 11. அடுக்குமாடியில் முப்பது வீடுகள் அந்த மூன்றைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. சமையலறை நுண்ணலை அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இரைகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் மிகுதி. ஆனால், அந்த அலை செங்கல்லையும் காங்கிரீட்டையும் கடப்பதற்குள் களைத்துவிடுகிறது. மடிக்கணினியை வடத்தில் இணைத்தால், அதற்கும் ரூட்டருக்கும் இடையே ஒரு தனிப்பாதை கிடைக்கிறது. போகவும் வரவும் தனித்தனி வசதி. அண்டை வீட்டார் நள்ளிரவு வரை படம் பார்த்தாலும் அப்பாதையில் அவருக்கு இடமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வடம் பழைய தொழில்நுட்பம், வைஃபை புதியது என்று நம் பெற்றோர் பலர் எண்ணுகிறார்கள். வரலாறு வேறு. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகம் தீவுகளுக்கிடையே வானொலி அலை வழியாகக் கணினிகளை இணைத்தது. அலோஹாநெட் என்பது அதன் பெயர். அதன் தொடக்க முறையில் எவரும் நினைத்த நேரத்தில் பேசலாம். மோதினால் மீண்டும் அனுப்பலாம். மோதல்களால் அத்தடத்தின் கொள்ளளவில் 18 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் பயன்படும் என்று கணக்கிட்டார்கள். அந்த முறையைக் கற்ற ராபர்ட் மெட்காஃப், 1973 மே 22ஆம் நாள் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் எழுதிய குறிப்பில்தான் ஈதர்நெட் என்னும் பெயர் பிறந்தது. தொடக்கத்தில் அதுவும் பல கணினிகள் ஒரே வடத்தைப் பங்கிட்ட முறைதான். பின்னர் முறுக்கிய செப்பிழைகளும் சுவிட்ச் என்னும் பெட்டியும் வந்து, ஒவ்வொரு கருவிக்கும் தனிப்பாதை கொடுத்தன. 1999இல் அதே செப்பிழையில் நொடிக்கு 1 கிகாபிட் வேகத்திற்குத் தரநிலை வந்தது. காற்றில் நேர்ந்த மோதலைத் தவிர்க்கும் முயற்சியில் வளர்ந்ததே வடத்தின் வரலாறு. நாமோ அதை விட்டுவிட்டு மீண்டும் கூட்ட நெரிசலுக்குள் பிள்ளைகளைத் தள்ளுகிறோம்.

இழப்பு எதில்?

"கொஞ்சம் அறுந்தால் என்ன ஐயா, படம் ஓடுகிறதே" என்பார்கள். படம் ஓடும். காணொளிப் படங்கள் முன்கூட்டியே சில வினாடிகளுக்கு உரியதைச் சேமித்துக்கொள்கின்றன. நேரடி வகுப்பில் அதற்கு வழியில்லை. பேசுவதை அந்தக் கணமே கொண்டுசேர்க்க வேண்டும். குரல் பொதுவாக 20 மில்லிவினாடித் துண்டுகளாக, நொடிக்கு ஐம்பதாக, வெட்டி அனுப்பப்படுகிறது. தாமதமாக வரும் துண்டு வராத துண்டுக்குச் சமம். அந்த இடத்தை மென்பொருள் தன் ஊகத்தால் நிரப்புகிறது.

இந்த இடத்தில் தமிழாசிரியன் என்ற முறையில் நான் கவலைப்படுகிறேன். 'பள்ளி', 'பல்லி' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நாக்கின் ஒரு சிறு அசைவு. ஒலியில் அது வாழும் நேரம் மிகச் சிறிது. 'மணம்', 'மனம்' அப்படியே. 'வாழை', 'வாளை' அப்படியே. லகர, ளகர, ழகரத்தைப் பிள்ளை காதால் கேட்டுத்தான் நாவால் பழக வேண்டும். வீட்டில் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசும் பல பிள்ளைகளுக்குத் திருத்தமான தமிழ் காதில் விழும் இடம் வகுப்பு ஒன்றே. அந்த ஒலியையும் மென்பொருளின் ஊகத்திடம் விடலாமா?

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. கூச்சமுள்ள பிள்ளை துணிந்து ஒரு வாக்கியம் வாசிக்கிறது. "கேட்கவில்லை, மீண்டும் சொல்" என்கிறோம். மீண்டும் வாசிக்கிறது, மீண்டும் அறுகிறது. மூன்றாம் முறை அப்பிள்ளை ஒலிவாங்கியை அடைத்துவிடுகிறது. அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் திறப்பதில்லை. அப்படி வாயடைத்துப்போன பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று நாம் பதிவேட்டில் எழுதுகிறோம்.

வழக்கமான மறுப்புகள்

இதைச் சொன்னவுடன் எழும் மறுப்புகளுக்கு ஒவ்வொன்றாக விடை கூறுகிறேன்.

1) "வைஃபை 6, வைஃபை 7 எல்லாம் வந்துவிட்டனவே?" வந்துள்ளன, முன்னேற்றம் உண்மைதான். ஆயினும் காற்று பொதுச்சொத்து என்பதும், சுவர் சுவர்தான் என்பதும் மாறவில்லை. மேலும், பிள்ளையின் பழைய மடிக்கணினி பழைய வைஃபையைத்தான் பேசும்.

2) "மெஷ் பெட்டிகள் வாங்கி வைத்துள்ளோம்." அப்பெட்டிகள் தமக்குள் பேசவும் அதே காற்றைத்தான் பயன்படுத்துகின்றன. அவற்றை வடத்தால் இணைத்தால் மிக நன்றாக இயங்கும். வாங்கியவர்களில் எத்தனை பேர் அப்படி இணைத்தீர்கள்?

3) "கைப்பேசியில் வடம் செருக முடியாதே?" யூஎஸ்பி-சி வழியாகச் செருகும் இணைப்பி கிடைக்கிறது, பல கைப்பேசிகளும் கைக்கணினிகளும் அதை ஏற்கும். அது வேண்டாமென்றால், தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமராப் பதிவுக் கருவி, விளையாட்டுப் பெட்டி ஆகியவற்றை வடத்துக்கு மாற்றுங்கள். இடம்விட்டு அசையாத இவையே வீட்டுக் காற்றைப் பெரிதும் விழுங்குகின்றன. இவை விலகினால் கைப்பேசிக்குக் காற்று மிஞ்சும்.

4) "வாடகை வீடு, சுவரில் துளையிட விடமாட்டார்கள்." துளை தேவையில்லை. தட்டையான வடம் கதவின் அடியில் போகும். தரையோரம் ஒட்டும் நெகிழிக் குழலுக்குள் மறையும். வீடு மாறும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

5) "பார்க்க அழகாக இல்லை." அன்பர்களே, தொலைக்காட்சிக்குப் பின்னால் தொங்கும் ஆறு வடங்கள் உங்கள் கண்ணை உறுத்தவில்லை. பிள்ளையின் படிப்புக்குப் போகும் ஒரு வடம்தான் உறுத்துகிறதா?

6) "வைஃபைக் கதிர் பிள்ளைகளுக்குக் கேடு என்று புலனத்தில் வந்ததே, அதற்காகவா சொல்கிறீர்கள்?" இல்லை. அச்சமூட்டும் அந்தச் செய்திகளைப் பரப்பாதீர்கள். என் வாதம் உடல்நலம் பற்றியதன்று; பாடம் அறாமல் போய்ச் சேருவது பற்றியது. வைஃபையை அணைத்துவிடுங்கள் என்றும் நான் கூறவில்லை. உட்கார்ந்த இடத்தில் செய்யும் வேலைக்கு வடம். நடமாடும் கருவிக்குக் காற்று. அவ்வளவே.

ஏழைப் பெற்றோரை மறந்தா எழுதுகிறேன்?

கல்வி அமைச்சு 2020 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் கருவியே இல்லை. கருவியும் நிலையான இணைப்பும் இல்லாத வீட்டுக்கு வடத்தைப் பற்றிப் போதிப்பது கொடுமை. அவ்வீடுகளுக்கு முதலில் வேண்டியவை கருவியும் இணைப்பும்தான். அது அரசின் கடமை, சமூகத்தின் கடமை. நான் சாடுவது, எல்லாம் இருந்தும் கடைசிப் பத்து மீட்டரில் கோட்டை விடுகிறவர்களைத்தான்.

அரசு பார்த்துக்கொள்ளும் என்று காத்திருப்போருக்கும் ஒரு நினைவூட்டல். 2011இல் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டம் நாட்டின் 10,000 பள்ளிகளைப் பெரும்பாலும் கம்பியில்லா 4ஜி வழியாக இணைக்கக் கனவு கண்டது. 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை அதன் மெய்நிகர்க் கற்றல் தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று சுட்டியது. 2019 ஜூன் இறுதியோடு அத்திட்டம் முடிவுக்கு வந்தது. அதன் குறைகளுக்குக் காரணங்கள் பல. நாம் கற்க வேண்டியது ஒன்று: கோபுரத்தை எழுப்பிவிட்டால் பாடம் தானாகப் பிள்ளையின் மேசைக்கு வந்துவிடாது. இறுதிப் பத்து மீட்டருக்கு எப்போதும் உள்ளூரில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வீட்டில் அந்த ஒருவர் பெற்றோர்.

என்ன செய்யலாம்?

முதலில் சோதியுங்கள். ரூட்டருக்குப் 'பிங்' செய்து பாருங்கள். காற்றில் எண்கள் துள்ளி, வடத்தில் அடங்கினால் குற்றம் வீட்டுக்குள்தான், திட்டத்தை உயர்த்தாதீர்கள். காணொளி வகுப்பு ஒன்றுக்கு நொடிக்கு நான்கு மெகாபிட்டே போதும். 100 மெகாபிட் திட்டமே மிகை.

அடுத்து, வாங்கும்போது கவனம். 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' வடம் போதுமானது. இரண்டுமே 100 மீட்டர் வரை 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். ஆடம்பரப் பெயர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஆனால், முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வடம் எளிதில் முறியும், தரநிலைக்கும் உட்படாது. ஜாலான் பாசாரிலோ லோ யாட்டிலோ கேட்டால் காட்டுவார்கள். கருவிகள் பல இருந்தால் ஐந்து துளை கொண்ட கிகாபிட் சுவிட்ச் ஒன்று, ஏறத்தாழ ஐம்பது வெள்ளி.

வடத்தை மின்கம்பியோடு ஒரே குழலில் இழுக்காதீர்கள். கூரைக்கு மேலோ, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கோ செப்பு வடத்தை வெளியே இழுக்காதீர்கள். இடிமின்னலுக்குப் பேர்போனது நம் கிள்ளான் பள்ளத்தாக்கு. புதுவீடு வாங்குவோரும் வீட்டைப் புதுப்பிப்போரும் சுவர் பூசுமுன் ஒவ்வோர் அறைக்கும் ஒரு குழாய் பதிக்கச் சொல்லுங்கள். பளிங்குக்கும் கூரை அலங்காரத்துக்கும் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறோம். இந்தக் குழாய்க்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

இனிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வடம் 305 மீட்டர் பெட்டியாக விற்கப்படுகிறது. வீட்டுக்குப் பதினைந்து மீட்டர் என்றால், ஒரு பெட்டி இருபது வீடுகளுக்கு வரும். ஒரு சனிக்கிழமை கூட்டுப்பணி வையுங்கள். வெட்டுவதற்கும் முனை பொருத்துவதற்கும் கருவிகளைச் சங்கம் வாங்கட்டும். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் நடத்தும் ஆசிரியர் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லித் தரட்டும். வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று எட்டு இழைகளையும் தமிழிலேயே சொல்லி அடுக்கட்டும். அரை மணி நேரத்தில் பிள்ளைகள் கற்றுவிடுவார்கள். வீட்டில் இணைப்பே இல்லாத மாணவர்களுக்காகப் பள்ளியில் ஓர் அறைக்கும் இருபது மேசைகளுக்கும் வடம் இழுங்கள். பள்ளியில் இடமில்லையேல் அருகிலுள்ள ஆலய மண்டபத்தைக் கேளுங்கள்.

2001ஆம் ஆண்டு தமிழ் இணைய மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திய சமூகம் இது. 2013இலும் நடத்தினோம். தமிழ் இணையத்தில் வாழ வேண்டும் என்று மேடைதோறும் முழங்கியிருக்கிறோம். அந்தத் தமிழ், நம் வீட்டு முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போவதற்குள் அறுந்து போகிறதே, அதைக் கவனித்தோமா?

தேர் நகர வேண்டுமென்றால் வடத்தைப் பிடித்து இழுக்கத்தான் வேண்டும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். அதற்கு முன்பாக, இன்றிரவே உங்கள் வீட்டு ரூட்டரிலிருந்து பிள்ளையின் மேசைவரை எத்தனை மீட்டர் என்று அளந்து பாருங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்!